சோபாவும் கொடிக்கயிறும்

எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே மூச்சு முட்டும். ஆனாலும் நீச்சல் குளத்துச் சாமான்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. சர்வதேசப் போட்டி வந்தபோதும் மிதவை, ஏணி, கொடிக்கயிறு எல்லாவற்றையும் என்னை நம்பித்தான் விட்டார்கள். நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் அல்ல.

என் மனைவியின் தம்பி நீச்சல் வீரன். குளத்தில் அவனை முதலை என்பார்கள். பயிற்சிக்காகக் கொஞ்ச நாள் தங்குகிறேன் என்று வந்தவன் கூடத்து சோபாவில் படுத்தான். வருடங்கள் ஓடிவிட்டன. சோபாவின் ஈரம் மட்டும் காயவில்லை. வேலை முடிந்து வந்தால் எனக்கு உட்கார நாற்காலிதான் மிச்சம். அதிலும் அவன் துண்டு கிடக்கும். ஏதாவது சொன்னால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"பதக்கம் வாங்கிட்டான்னா வேலையும் தர்றாங்க, குடியிருக்க வீடும் தர்றாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?" என்றாள்.

பொறுத்துக்கொண்டேன். அவன் பதக்கம் வாங்குவதில் இந்த நாட்டில் என்னளவு அக்கறை உள்ளவர் வேறு யாரும் இல்லை.

தனிநபர் மெட்லி என்றால் ஒரே ஆள் நான்கு வகை நீச்சலையும் அடுத்தடுத்து அடிக்க வேண்டும். மூன்றில் முதலை கெட்டிக்காரன். மல்லாந்து நீந்துவதில்தான் தகராறு. மல்லாந்து வருகிறவனுக்குச் சுவர் தெரியாது. அதற்காகத்தான் சுவருக்குச் சற்று முன்னால், குளத்தின் குறுக்கே, தலைக்கு மேலே கொடிகள் கட்டுகிறோம். கொடியைக் கண்டதும் கைவீச்சை எண்ண ஆரம்பித்து, கடைசியில் கையை நீட்டிச் சுவரைத் தொடுவார்கள். உலகமே அப்படித்தான் செய்கிறது. முதலை எண்ணமாட்டான். சுவரென்றால் பயம். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், வேகம் போய்விடும். கொடியை நம்பி எண்ணுடா என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவனை மாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது. கொடியை மாற்றலாம்.

அவனுடைய இறுதிப் போட்டிக்கு முன்பு வேறொரு போட்டிக்குப் பரிசளிப்பு நடந்தது. அரங்கமே எழுந்து நின்றது. கொடிக்கம்பங்களைச் செருகச் சுவருக்கு நெருக்கமாக இன்னொரு ஜோடிக் குழி உண்டு. நீச்சல் பழகும் குழந்தைகளுக்கானது. ஒரு கம்பத்தை அதில் மாற்றிவிட்டு, குளத்தைச் சுற்றிப் போய் மற்றதையும் மாற்றினேன். நல்லவேளையாக ஜெயித்தவருடைய நாட்டின் தேசிய கீதம் நீளமானது. எண்ணுகிறவர்கள் எல்லாரும் முட்டுவார்கள், பார்க்கிறவன் தப்பிப்பான். கழுத்து எலும்பைப் பற்றி யோசிக்காமல் இல்லை. நீச்சல்காரர்களுக்குக் கழுத்து தடிமன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் வகை நீச்சல் முடிந்ததும் முதலைதான் முன்னால் வந்தான். மல்லாந்தான். கொடிக்குக் கீழே வந்தான். கழுத்து திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

முதல் சத்தம் அவனுடையது. பிறகு யாரோ கதவைத் தட்டுவதுபோல வரிசையாகக் கேட்டது. கடைசித் தடத்துக்காரர் மட்டும் ரொம்பப் பின்தங்கி வந்ததால் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். பக்குவமாகச் சுவரைத் தொட்டு, மிச்சத்தைத் தனியாக நீந்தி முடித்தார். அவருக்குத்தான் தங்கம். மேடையில் நின்றபோதும் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார்.

முதலையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தான்.

"எண்ணினேன் மாமா. நீங்க சொன்ன மாதிரியே எண்ணினேன்."

இத்தனை வருடத்தில் அவன் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாது என்றார். சோபாவில்தான் படுத்திருக்கிறான். பார்த்துக்கொள்ள மாமியாரும் வந்துவிட்டார். இப்போது அந்த நாற்காலியும் இல்லை.

கொடியை நகர்த்தியது நான்தான். முட்டிய அத்தனை தலைக்கும் நானே பொறுப்பு. ஆனால் எல்லாம் அவன் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறைக்கு அனுப்பினால் மறுப்பு சொல்லமாட்டேன். ஒரே ஒரு சந்தேகம் ஐயா. பார்க்க வருகிற உறவினர்கள் அங்கேயே தங்கிக்கொள்ள அனுமதி உண்டா?