டேப்பின் மேல் ஒரு பேனாக் கோடு

— அலமாரியில கை வைக்காதீங்க. நான் யாரையும் கூப்பிடலை.

— கூப்பிட்டது நான். நீங்க உங்க வேலையைப் பாருங்க சார். இவன் என் தம்பிதான், கடிக்க மாட்டான்.

— அக்கா, இது என் வீடு. முன்னப்பின்ன சொல்லாம, மெஷினும் கையுமா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து நிக்கிறே. என்னதான் நினைச்சுட்டிருக்கே உன் மனசுல?

— அப்பா இந்த ரூமை விட்டு என் வீட்டுக்கு வந்து இருபத்தஞ்சு நாள் ஆச்சுடா. வாடை போச்சா? மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல உனக்கு? இழுத்துப் பாரு.

— நாப்பது வருஷம் சிகரெட் குடிச்ச மனுஷன். இந்தக் குளிர்காலம் பூரா இதே ரூம்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சார். இருபத்தஞ்சு நாள்ல போயிடுமா?

— அவர் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு!

— உன்கிட்ட அப்படிச் சொன்னார். நீ நம்பினே. அந்த வாடையோட குடித்தனம் பண்ணவன் நான்.

— பொறுங்க, பொறுங்க. சண்டையைக் கொஞ்சம் கதவுப் பக்கமா நின்னு போடுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க. சார், இந்தச் சின்னக் கட்டில் யாருது?

— என் பொண்ணுது.

— என்னது? அப்பாவை அனுப்பிட்டு, பாப்பாவை இங்கயா படுக்க வச்சிருக்கே?

— இந்த ரூம்லதான் ஹீட்டர் நல்லா சூடாகுது. போர்வை, திரை எல்லாத்தையும் துவைச்சுட்டுத்தான் படுக்க வச்சோம்.

— இருமல் நின்னுச்சா?

— சார், கட்டிலை நகர்த்தணுமா?

— கேக்கறேன்ல? "அவர் குடிக்கற சிகரெட்டாலதான் என் பொண்ணு இருமறா, வந்து கூட்டிட்டுப் போ"ன்னு போன்ல அந்தக் கத்து கத்தினியே. நான் கிளம்பறதுக்குள்ள அவரே பெட்டியைத் தூக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரே. இப்ப நின்னுச்சா இருமல்?

— அதிகமாகியிருக்கு. போதுமா? அவ அம்மா இப்பக்கூட டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போயிருக்கா. சந்தோஷமா உனக்கு?

— சந்தோஷமா இருந்தா இங்க எதுக்குடா வர்றேன்? கேட்டுக்கோ. இந்தச் சுவர்ல ஒண்ணும் இல்லைன்னா நான் வாயை மூடிட்டுப் போயிடறேன். ஏதாவது இருந்துச்சுன்னா, நீயே வந்து அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வரணும்.

— ஒண்ணும் இருக்காது. பார்க்கட்டும்.

— கை வைக்கறேன் சார், கோச்சுக்காதீங்க. இந்த டார்ச்சைப் பாருங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. சுவரோட ஒட்டி, சாய்ச்சுப் பிடிச்சா... இதோ. பெயின்ட் எப்படிக் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு, தெரியுதா?

— அது பழைய பெயின்ட்.

— பழைய பெயின்ட் உதிரும் சார். இது ஊதியிருக்கு. இப்ப மெஷின். ரெண்டு ஊசி, அவ்வளவுதான். சுவர்ல ஈரம் இருந்தா கத்தும். ஹால் சுவர்ல வச்சப்போ சத்தமே இல்லை, கேட்டீங்கல்ல? இங்க வைக்கறேன்...

— அம்மாடி, இப்படி அலறுதே!

— மேடம், அலமாரியை இழுக்கணும். ஒரு பக்கம் பிடிங்க.

— தள்ளு அக்கா. நான் இழுக்கறேன். உனக்கு இடுப்பு வலி.

— இப்ப வந்துட்டான் என் இடுப்புக்குப் பரிதாபப்பட. இழு!

— மெதுவா... இன்னும் கொஞ்சம்... போதும், நில்லுங்க. ரெண்டு பேரும் மூக்கை மூடிக்கங்க.

— கடவுளே.

— என்னங்க இது? கரியை அப்பின மாதிரி... மேலேர்ந்து கீழ வரைக்கும்...

— பூஞ்சை சார். தொடாதீங்க. துணியால தேய்க்கவும் தேய்க்காதீங்க, பறந்து வீடு பூரா போயிடும். அலமாரி முதுகும் கறுத்துருச்சு பாருங்க. இது வெளிச்சுவர். குளிர்ல ஐஸ் மாதிரி ஆயிடும். உள்ள ஹீட்டர். ரூம்ல இருக்கற ஈரமெல்லாம் இங்க வந்துதான் வேர்க்கும். அலமாரியை ஒட்டிவச்சிருக்கறதால காய வழியில்லை. ஆமா, குளிர்காலத்துல துணி எங்க காயப் போடுவீங்க?

— இங்கதான். ஸ்டாண்ட் போட்டு.

— யார் துணி?

— எல்லார் துணியும்.

— சபாஷ்! ஹாலுக்கு நாலு பேர் வருவாங்க, அப்பா ரூமுக்கு யார் வரப்போறாங்க. அதானே?

— குத்திக் குத்திப் பேசாதே அக்கா. எனக்கு எப்படித் தெரியும்? வாடை வந்துச்சு. குழந்தை இருமினா. அவர் கம்பளிக் கோட்டை மோந்தா சிகரெட் வாடை.

— அது அந்தக் காலத்துக் கோட்டுடா, பழைய வாடை. இதைக் கேளு, முதல் வாரம் நானும் அவர் சட்டைப் பையைத் துழாவினேன். உன் பேச்சைக் கேட்டு. பாத்ரூம்லேர்ந்து வந்தார்னா, உள்ள போய் மோந்து பார்த்தேன். எனக்கே அசிங்கமா இருந்துச்சு. ஒரு தீப்பெட்டிகூட இல்லை. பத்தே நாள்ல அவர் இருமலும் நின்னுபோச்சு. அப்பதான் எனக்குச் சுரீர்னுச்சு, கோளாறு அவர்கிட்ட இல்லை, இந்த ரூம்லன்னு.

— அவர் இருமினதையும் நான் சிகரெட்னுதான்...

— வேற என்ன நினைப்பே நீ?

— பொறுங்க. ஒண்ணு இடிக்குது. நான் டாக்டர் இல்லை, இருமலைப் பத்தி அவர்தான் சொல்லணும். ஆனா குழந்தையை இனி இங்க படுக்க வைக்காதீங்க. இடிக்கறது என்னன்னா, துணி எல்லா வீட்லயும்தான் காயப் போடறாங்க. இவ்வளவு ஏறாது. இந்த வரிசை வீடு எல்லாத்துலயும் ஜன்னலுக்கு மேல காத்து ஓட்டை இருக்கும். அந்தத் திரையை ஒதுக்குங்க... அட. இதை டேப் ஒட்டி அடைச்சது யாரு?

— குளிருதுன்னு அப்பா ஒட்டியிருப்பார்.

— இல்லை மேடம். டேப் ஓரத்துல பேனாவால கோடு போட்டிருக்கு. பாதி டேப் மேல, பாதி சுவர் மேல. குளிருக்கு ஒட்டறவங்க எதுக்குக் கோடு போடப் போறாங்க?

— தம்பி. என்னைப் பாரு. உங்க கோடவுன்ல பெட்டியை ஒட்டிட்டு இப்படித்தானே கோடு போடுவே? வழியில எவனாவது பிரிச்சா கோடு விலகிடும்னு?

— ஆமா. நான்தான் ஒட்டினேன்.

— எதுக்குடா?

— புகையை அந்த ஓட்டை வழியா ஊதறார்னு நினைச்சேன். அடைச்சுட்டா, ஒண்ணு குடிக்கறதை நிறுத்தணும், இல்லை டேப்பைப் பிரிக்கணும். பிரிச்சா கையும் களவுமா மாட்டுவார்.

— ஜன்னல்?

— அதையும்தான் ஒட்டினேன். கீழ் ஓரத்துல.

— பெத்த அப்பனைப் பார்சல் மாதிரி ஒட்டி வச்சியாடா! நீ மனுஷனா? காத்தை அடைச்சது நீ, வீட்டு ஈரத்தையெல்லாம் கொண்டுவந்து இங்க கொட்டினது நீ, அது நாற ஆரம்பிச்சதும் பழியைத் தூக்கி அவர் தலையில கட்டினதும் நீ!

— தினமும் வந்து கீழ நின்னு பார்ப்பேன். கோடு விலகவே இல்லை.

— விலகலைன்னா அவர் குடிக்கலைன்னுதானேடா அர்த்தம்? மண்டையில மூளை இருக்கா, களிமண்ணா?

— வாடை வந்துச்சே அக்கா! நாளுக்கு நாள் அதிகமா வந்துச்சே! ஓட்டையைத் தொடாம, புகையை உள்ளயே வச்சுக்கிட்டு என்கிட்ட வீம்பு பண்றார்னு நினைச்சேன்!

— சார், நீங்க எந்தப் பேனாவால கோடு போட்டீங்க?

— கோடவுன் பேனா. நீலம். ஏன்?

— இது கறுப்பு.

— என்ன? நகருங்க. இந்த நாற்காலியைக் கொடுங்க... கறுப்பு! அக்கா, வந்து பாரு! கறுப்புக் கோடு! நான் போட்டது நீலம்! பிரிச்சிருக்கார்! பிரிச்சு, மறுபடி ஒட்டி, என் கண்ணுல மண்ணைத் தூவக் கோடும் போட்டிருக்கார்! என்னை என்ன கேள்வி கேட்டே நீ? இப்ப யாருக்கு மூளை இல்லை?

— இறங்குடா முதல்ல.

— இல்லை சார், ஒரு தடவை பிரிச்ச டேப் மறுபடி இவ்வளவு அழுத்தமா ஒட்டாது...

— நீங்க சும்மா இருங்க சார்! அக்கா, போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. இவர் முன்னாலயே கேக்கறேன்.

— போடறேன். அவர் மட்டும் என்கிட்டயும் பொய் சொல்லியிருந்தார்னா... இருக்கட்டும். இந்தா, ரிங் போகுது. நீயே கேளு.

— பெரியவளே, சொல்லும்மா. பாப்பாவைப் பார்த்தியா? இருமல் தேவலையா?

— அப்பா, நான் பேசறேன்.

— சின்னவனா! சொல்லுப்பா. எத்தனை நாள் ஆச்சு உன் குரலைக் கேட்டு. நல்லா இருக்கியா?

— ஜன்னலுக்கு மேல டேப் ஒட்டியிருந்தேனே. தெரியுமா?

— தெரியும். ஒட்டின அன்னைக்கே பார்த்தேன்.

— அதுல கோடு போட்டிருந்தது?

— அதையும் பார்த்தேன். உன் வேலையில போடற கோடுதானே.

— நான் போட்டது நீலம். இங்க இருக்கறது கறுப்பு. எப்பப் பிரிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க. சாட்சிக்கு ஆள் இருக்கு.

— பிரிக்கலைடா. மூச்சு முட்டினப்போகூட அதுல கை வைக்கலை.

— அப்போ கறுப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

— அதுவா... குளிர்ல அந்தச் சுவரெல்லாம் வேர்த்து ஊத்துமே, அந்த ஈரத்துல உன் கோடு அழிஞ்சுபோச்சுப்பா. கோட்டைக் காணோம்னா நான் பிரிச்சுட்டேன்னுதானே நினைப்பே? அதான் நாற்காலி போட்டு ஏறி, அதே இடத்துல என் பேனாவால நானே போட்டுவச்சேன். அழிய அழிய, நாலஞ்சு தடவை. கை வேற நடுங்குதுல்ல. ஏண்டா, கோணலா இருக்கா?