என் ரேடியோவில் கேட்காத ஸ்டேஷன்

கர்த்தர் நமக்குச் செஞ்சத சபையில எழுந்து சாட்சி சொல்றோமே, அதப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம் இல்லையா... நடுவுல ஒரு சின்னக் கதை சொல்லிர்றேன். என் கதைதான். சொல்ல வெக்கமா இருக்கு... ஆனாலும் சொல்லணும்.

நான் முன்ன பாஸ்டரா இருந்த சபையில ஞானதிரவியம்னு ஒரு அண்ணாச்சி. கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் தவறின பிறகு அவருக்குத் துணை ஒரு பழைய ரேடியோ. ராத்திரி ஆனா ஏ.எம்.ல தூர தேசத்து ஸ்டேஷனா தேடுவார். ராத்திரியிலதான் அந்த அலை ரொம்ப தூரம் வரும். எனக்கும் அந்தப் பைத்தியத்தப் பிடிக்க வச்சிட்டார். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கேப்பார்: "பாஸ்டர்... இந்த வாரம் என்ன கெடச்சுது?"

எனக்கு என்ன கெடைக்கும்? கொர்ர்ர்னு இரைச்சல்! அவருக்கோ வாரா வாரம் புதுசு புதுசா. எனக்குப் பொறாமை. ஏன், பாஸ்டருக்குப் பொறாமை வராதா?

அப்பத்தான் போன்ல ஒண்ணு பாத்தேன். வெளிநாட்டுல ஒருத்தர் தன் வீட்டு ரேடியோவ இன்டர்நெட்ல இணைச்சு வச்சிருக்கார். நாம இங்க படுத்துக்கிட்டே போன்லயே அதத் திருகி ஸ்டேஷன் கேக்கலாம். ஆப்பிரிக்காவுல ஒரு சின்ன ஸ்டேஷன்... பக்கத்து வீடு மாதிரி கேக்குது! கேட்டதுல தப்பே இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை நான் என்ன சொன்னேன்?

"அண்ணாச்சி, ஆப்பிரிக்கா கெடச்சுது. என் ரேடியோவுலயே!"

அவர் முகத்துல அவ்வளவு சந்தோஷம். "நெசமாவா பாஸ்டர்? எந்த நம்பர்ல?" எழுதி வாங்கிட்டுப் போனார்.

அடுத்த வாரம், "கெடைக்கல பாஸ்டர். ஏரியல் கம்பிய மாத்திப் பாக்கேன்." அதுக்கடுத்த வாரம் ஒரே இருமல். "மொட்ட மாடியில வச்சுக் கேட்டேன்... பனி." அப்பவாவது சொன்னேனா? சொல்லல. "பொறுமையாத் தேடுங்க அண்ணாச்சி"ன்னு புத்தி சொன்னேன்! ரெண்டு மாசம்...

ஒரு ஞாயித்துக்கிழமை, துண்டுல எதையோ சுத்திக்கிட்டு வந்தார். அந்த ரேடியோ.

"இத யாருக்காவது குடுத்திருங்க பாஸ்டர். ரேடியோவுல கோளாறு இல்லன்னு மெக்கானிக் சொல்லிட்டான். அப்ப... என் காதுதான் போயிருச்சு."

அந்தச் சபை வாசல்லயே எல்லாத்தையும் சொன்னேன். "நான் பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

அவர் திட்டுவார்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்... ரேடியோவ மறுபடியும் துண்டுல சுத்தினார். அப்புறம் மெதுவாக் கேட்டார்:

"அப்போ... என் காது நல்லாத்தான் இருக்கா பாஸ்டர்?"

அவ்வளவுதான் கேட்டார். ரேடியோவக் கக்கத்துல வச்சுக்கிட்டு நடந்துட்டார். அதுக்கப்புறமும் சபைக்கு வந்தார். ஆனா என்ன கெடச்சுதுன்னு என்கிட்ட ஒருநாளும் கேக்கல.

பிரியமானவங்களே... நான் அவர்கிட்ட எதையும் திருடலன்னு நெனச்சேன். இல்ல. அவர் காது மேல அவருக்கு இருந்த நம்பிக்கையத் திருடினேன். இந்த மைக் முன்னாடி நின்னு, "ஒரே ஜெபம், வியாதி பறந்துச்சு"ன்னு கூட்டிச் சொல்றோமே... நானும் சொல்லியிருக்கேன். மூணு வருஷமா மகனுக்காக முழங்கால்ல நின்னு ஜெபிக்கிற ஒரு அக்கா கடைசி பெஞ்சுல உக்காந்து கேக்குறாங்க. அவங்க நம்மளச் சந்தேகப்பட மாட்டாங்க. 'என் ஜெபத்துலதான் ஏதோ கொறை'ன்னு வீட்டுக்குப் போவாங்க.

கெடைக்கலன்னா, கெடைக்கலன்னு சொல்லுங்க. அதுவும் சாட்சிதான்.