பாவனையில் இல்லாத தடாகம்

தேத்தண்ணீருக்கு இரண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறேன், தம்பி. கூடிப்போனால் சொல்லுங்கள், வேறு ஊற்றித் தருகிறேன். சிற்றியிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, ஆள் வரும் என்றார்கள். தமிழ்ப் பிள்ளை வருமென்று நான் நினைக்கவில்லை. கழுத்து அட்டையில் வினோதன் என்று இருக்கிறது. நல்ல பெயர். கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக இருங்கள். பின்வளவிலிருந்து இடைக்கிடை ஒரு சத்தம் வரும். அது என் மனுசன் இராஜரட்ணம். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

போன் எடுத்தது நான்தான். முறைப்பாடு ஒன்றும் இல்லை, ஒரு சந்தேகம். நீச்சல் தடாகத்துக்கு வேலி அடைக்கிற சட்டத்தில், தடாகம் பாவனையில், அதாவது பயன்பாட்டில், இல்லாத நேரம் படலை பூட்டியிருக்க வேண்டும் என்று வருகிறதே, அதில் பாவனை என்றால் என்ன? இதைத்தான் கேட்டேன். போனில் கதைத்த பிள்ளை என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய், பாட்டெல்லாம் போட்டு, திரும்பி வந்து, வேலிக்குள் இப்போது ஆள் யாரும் இருக்கிறார்களா என்றது. ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் வேலியைச் சொல்ல வேண்டும். இந்த வெக்ஸ்போர்ட் தெருவில் முதன்முதல் தடாகம் வெட்டியது பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை. என் மனுசனுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீருக்குக் கிட்டப் போனாலே ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். ஆனாலும் அடுத்த வருசம் நாங்களும் வெட்டினோம். ஊரில் என்றால் இரவோடிரவாக வேலியை அரக்கி நட்டுச் சண்டை பிடிப்பார்கள். இங்கே எல்லை போட்டபடி கிடக்கிறது, அரக்க வழியில்லை. அதனால் எங்கள் ஆட்கள் உயரத்தில் சண்டை பிடிக்கிறார்கள்.

நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் வேலி பரிசோதனையில் இரண்டு தரம் தவறியது. முதல் தரம் படலை தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டாம் தரம், அவர் வேலியில் பாகல் படரவிட்டு, அதற்குக் குறுக்குத் தடியும் கட்டியிருந்தார். சின்னப் பிள்ளை அதில் கால் வைத்து ஏறிவிடும் என்று வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இவர் என்னைக் கேசரி கிண்டச் சொன்னார்.

எங்கள் வேலி முதல் தரமே சரி வந்தது. யன்னலால் பாருங்கள். நான்கு பக்கமும் இரும்புக் கம்பி, சட்டம் கேட்டதைவிட உயரம். படலை தானாகச் சாத்தும், தானாகக் கொளுவும். ஏறிப் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பிகூட இல்லை. வேலிக்குக் கிட்ட ஒரு கதிரை, ஒரு பூச்சாடி வைக்க விடமாட்டார். என் கறிவேப்பிலைச் சாடியைத் தூக்கிக் கராஜுக்குள் வைத்தார், அது பட்டுப்போனது. கலியாண வீட்டிலும் வேலிக் கதை, செத்த வீட்டிலும் வேலிக் கதை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "உள்ளுக்குப் போன ஆளே என்ர திறப்பில்லாமல் வெளியிலை வரேலாது," என்று ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் படலை பூட்ட மறக்கிற ஆள். அது என் பிழைதான். விருந்தினர் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றுக் கோப்பைக்கு மேலால் கேட்பார்: "படலை பூட்டினனியோ?" நான் எழும்பி யன்னலால் பார்ப்பேன். "ஆள் தண்ணிக்குள்ளை இல்லையெண்டால் பூட்டு விழவேணும். இதுகூட மண்டையிலை ஏறாதோ?" என்பார். வந்த சனம் தலையைக் குனிந்துகொண்டு சொதியை ஊற்றிக் குழைக்கும். இத்தனை வருசத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்ல நேரத்தில் "இஞ்சேரும்", மற்ற நேரத்தில் "ஏய்".

இப்போது ஒரு சத்தம் கேட்டதல்லவா. அவர்தான். குடியுங்கள், ஆறிப்போகும்.

எங்கள் மகள் நிலாணிக்கும் நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் மகன் றோய்க்கும் விருப்பம். தங்கமான பொடியன். வேதக்காரர் என்று நான் யோசிக்கவில்லை. இவரும் சமயம் ஒரு பிரச்சினை இல்லை என்றுதான் சொன்னார். "ரெண்டு தரம் வேலி பெயில் விட்ட குடும்பத்திலை என்ர பிள்ளையைக் குடுக்கிறதோ?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அதைக் கேட்கவில்லை, போன சனிக்கிழமை தேவாலயத்தில் கலியாணம் என்று நாள் வைத்துவிட்டார்கள். "நான் வருவன். வந்து கோயிலுக்குள்ளை நடுவிலை நிண்டு கத்துவன். சாமியாரும் கேக்கட்டும்," என்றார். சும்மா வெருட்டுகிற ஆள் இல்லை, தம்பி. நிலாணியின் அரங்கேற்றத்தில் முன்வரிசைக் கதிரை கிடைக்கவில்லை என்று மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கியவர். பிள்ளை சலங்கையோடு அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் இன்னொரு தரம் பார்க்க விரும்பவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வழக்கம்போலச் சாரத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போனார். போன் குசினி மேசையில் இருந்தது. ஏற்கெனவே ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டவர், அதற்குப் பிறகு கொண்டுபோக மாட்டார். நான் தேத்தண்ணீரோடு பின்னால் போனேன். அவர் குனிந்து வலையால் இலை அள்ளிக்கொண்டிருந்தார். படலையில் ஆமைப்பூட்டு திறந்தபடி தொங்கியது. நான் தடாகத்தைப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஒருவரும் இல்லை. ஆள் தண்ணீருக்குள் இல்லையென்றால் பூட்டு விழவேண்டும். பூட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. எத்தனை வருசமாகச் சொல்லித் தந்தவர். முதல் தரமாக நான் மறக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு படலையைப் பிடித்து ஆட்டினார். தோள்மூட்டு இறுகி அவருக்குக் கை தலைக்கு மேலே போகாது, ஏறவும் முடியாது. "ஏய், திற," என்றார். ஆமைப்பூட்டின் இரண்டு திறப்பையும் நான் சட்டை ஊசியில் கோத்துத் தாலிக்கொடியில் கொளுவியிருந்தேன். சீலை உடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அவர் கூப்பாடு போட்டிருக்கலாம். நான் அதற்குப் பயந்துதான் இருந்தேன். நீக்கிலாப்பிள்ளை அண்ணை கோட்டும் சூட்டுமாக வெளியில் வந்து எட்டிப் பார்த்தார். நான் மேல்மாடி யன்னலில் கொண்டைக்குப் பூ வைத்தபடி நின்றேன். "என்ன சம்பந்தி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று அவர் கேட்டார். ஒரு சொல் சொன்னால் போதும், அண்ணை ஓடிவந்து பூட்டை உடைத்திருப்பார். ஆனால் அந்த வேலிக்குள், அந்த மனிதனுக்கு முன்னால், நான் அகப்பட்டுப்போனேன் என்று இவர் எப்படிச் சொல்வார்? நெஞ்சை நிமிர்த்தி, "நீங்கள் போங்கோ. எனக்குத் தண்ணி செக் பண்ணிற வேலை கிடக்கு," என்றார். அண்ணை பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்.

கலியாணம் நன்றாக நடந்தது. பிள்ளையை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். தகப்பன் எங்கே என்று கேட்டவர்களுக்கு வயிறு சரியில்லை என்றேன். நிலாணி சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் செய்தேன். மண்டபத்தால் வந்ததும் திறப்பதாகத்தான் இருந்தேன். வந்தபோது அவர் நித்திரை. அந்த வேலிக்குள் உடுப்பு மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் கட்டியிருக்கிறார், நீக்கிலாப்பிள்ளை அண்ணையிடம் இல்லை என்பதற்காக. நிலாணியின் இளஞ்சிவப்பு நாரை மிதவையை இழுத்துப் போட்டு, அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

சாப்பாடு இல்லாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் பிள்ளையின் தலை போகக்கூடாது என்று இடைவெளி ஒடுக்கமாக விட்டிருக்கிறது. கோப்பை போகாது. புட்டு போகாது. ரோல்ஸ் போகும். அளவெடுத்துச் செய்ததுபோலப் போகும். மூன்று வேளையும் ரோல்ஸ் சுடுகிறேன், வாழைப்பழமும் தருகிறேன். ஒரு நாள் இடியப்பத்தைச் சுருட்டிக் கொடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். நீக்கிலாப்பிள்ளை அண்ணையும் வேரோனிக்கா அக்காவும் தங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் என்ன செய்வார்? கம்பிக்கு இங்கால் நிலாணியும் றோயும் குனிந்தார்கள், அங்கால் இவர் இரண்டு விரலை வெளியே நீட்டி நெற்றியைத் தொட்டார். "நல்லா இருங்கோ," என்றார். "அப்பா ஓகேயா அம்மா? ஏன் வெளியில வரேல்ல?" என்று பிள்ளை காதுக்குள் கேட்டது. அப்பாவுக்கு அதற்குள் இருக்கப் பிடித்துக்கொண்டது என்றேன். இரண்டு பேரும் அன்றைக்கே ஹனிமூனுக்குப் பறந்துவிட்டார்கள்.

சரி, பிறகு ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அன்றைக்குப் பொழுதுபட நான் கருவாடு பொரித்தேன். இந்த வீட்டில் கருவாடு மணக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். பொரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது பின்வளவிலிருந்து ஒரு குரல் வந்தது. "புனிதவதி." யாரோ என்று நினைத்தேன். திரும்பவும், "புனிதவதி, ஒருக்கா இதைத் திறவுமப்பா." நான் ஈரக் கையோடு போய் நின்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு வருசம், தம்பி. அந்தக் கேள்வியை எனக்குச் சந்தைக்காரன் கேட்டிருக்கிறான், பல் டொக்டர் கேட்டிருக்கிறார். இவர் கேட்டதில்லை. சொல்லக்கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. ஓம், சாப்பிட்டேன் என்றேன். என்ன கறி என்று கேட்டார். கருவாடு என்றேன். "நல்ல வாசம்," என்றார். திறப்பு என் கையில்தான் இருந்தது. ஆனால் திறந்தால் வீட்டுக்குள் வருவது இந்த மனுசனா, பழைய ஆளா என்று எனக்கு நிச்சயமில்லை. வேலிக்கு அங்கால் இவ்வளவு நல்ல மனுசன் இருக்கும்போது எதற்கு அவசரப்பட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுத்தான் இந்தச் சட்டப் பிரச்சினை வந்தது. அவர் மூளைசாலி, அதை மறுக்க மாட்டேன். விடிய எழும்பி, ஆழம் குறைந்த பக்கத்தில், ஏணியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஏணியை விடவேயில்லை. "புனிதவதி, இப்ப தடாகம் பாவனையிலை இருக்கு. பாவனையிலை இருந்தால் பூட்டக் கூடாது. சட்டப்படி திறவும்," என்றார். நான் யோசித்தேன். நீந்தினால் பாவனை. குளித்தால் பாவனை. நீந்தத் தெரியாத ஒருவர் திறக்க வைப்பதற்காக நின்றால், அது பாவனையா? எனக்கு விளங்கவில்லை. சிற்றியிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை ஏறாதீர்கள், ஏறினால் பாவனை முடிந்துவிடும் என்றேன். அவரும் சரி என்றார். சட்டத்தை மதிக்கிற மனுசன்.

இரவும் அதிலேதான் நின்றார். நாரையைப் பக்கத்தில் மிதக்கவிட்டு அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ரோல்ஸ் எறிந்தேன், ஒன்றிரண்டைப் பிடித்தார். விரல் எல்லாம் ஊறிச் சுருங்கிப்போய்க் கிடக்கிறது. காலையில் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தரமும் பெயரை முழுதாகத்தான் சொல்கிறார், சுருக்கவில்லை.

ஆகவே என் பக்கத்தில் பிழை இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். பூட்டியது நான், திறப்பை வைத்திருப்பது நான், தண்ணீரை விட்டு ஏறாதீர்கள் என்றதும் நான். எல்லாம் பிள்ளைக்காகவும் சட்டத்துக்காகவும். அவருக்கு ஒரு தீங்கும் நான் நினைக்கவில்லை. நீங்கள் அது பாவனைதான் என்று ஒரு சொல் சொன்னால் இந்த நிமிடமே திறந்துவிடுவேன்.

ஏன் எழும்புகிறீர்கள்? தேத்தண்ணீர் பாதி கிடக்கிறது. சத்தம் நின்றுவிட்டதா? ஓம், நீங்கள் இரண்டாம் வாய் குடிக்கிறபோதே நின்றுவிட்டது. களைத்திருப்பார், நின்றபடியே கண்ணயர்ந்திருப்பார். இங்கிருந்து பார்த்தால் நாரை மட்டும்தான் தெரிகிறது. பொறுங்கள், திறப்பைக் கழற்றித் தருகிறேன். ஊசி கொடியில் சிக்கிக்கொண்டது. இந்தாருங்கள்.

தம்பி, ஓடாதீர்கள். தடாகத்துக்குக் கிட்ட ஓடக்கூடாது என்று அவர் தன் கையாலேயே பலகை எழுதிக் கொளுவியிருக்கிறார்.