தேவதாருச் சதுப்பில் மூன்று செருமல்

பெயர்: மரிட் நீமெலா. வயது: 27. தகப்பனார் பெயர்: ரெய்னோ நீமெலா. தொழில்: பள்ளி நூலக உதவியாளர். முகவரி: ஹானு ஏரிச் சாலை, கோர்ப்பி, மிச்சிகன். நாள்: நவம்பர் 8, வெள்ளிக்கிழமை, காலை 10 மணி. இடம்: மாவட்ட ஷெரிப் அலுவலகம். பதிவு செய்தவர்: துணை ஷெரிப் லொரேன் பெல்டியர்.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கடந்த சனிக்கிழமை, நவம்பர் 2 அன்று இறந்துபோன ஆர்விட் நீமெலா, வயது 24, என் உடன்பிறந்த தம்பி. கர்ட்டிஸ் லாஹே, வயது 26, அவனுடைய சிநேகிதர். பள்ளி நாட்களிலிருந்தே எங்கள் வீட்டில் ஒருவராக இருந்து வந்தவர். காட்டில் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்றும், பிற்பகல் வரை காத்திருக்கலாம் என்றும் முடிவெடுத்தது தான்தான் என்று கர்ட்டிஸ் அன்று மாலை இதே அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக நேற்று என் தகப்பனார் சொல்லி அறிந்தேன். அது உண்மையல்ல. அதைத் திருத்துவதற்காக யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைக் கொடுக்கிறேன்.

அம்பு பட்டுக் காணாமல் போன மானைத் தேடுவதற்கென்று பழக்கிய குட்டைக்கால் பெண் நாய் ஒன்று என்னிடம் உள்ளது. அதன் பெயர் நொக்கி. ஆறு வருடங்களாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் மானைத் தவறவிட்டவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் நாயை வாரில் கட்டிக்கொண்டு போய்த் தேடிக் கொடுப்பேன். நான் எப்போதும் கையில் புத்தகத்தோடு இருப்பதால் கர்ட்டிஸ் என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார். தம்பியும் அதைப் பிடித்துக்கொண்டான்.

அம்பு நுரையீரலில் பட்டால் அரை மணி நேரமும், ஈரலில் பட்டால் நான்கு மணி நேரமும், வயிற்றில் பட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் காத்திருந்து அதன் பிறகுதான் தடம் பிடிக்க வேண்டும். அடிபட்ட மான் கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். சத்தம் கேட்டால் எழுந்து ஓடும். ஓடினால் கிடைக்காது. ஆகவே கடைசியாக ரத்தம் தெரிந்த இடத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு, பேசாமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

சென்ற வருடம் தம்பியின் அம்பு ஒரு மானின் வயிற்றில் பட்டது. மழை வந்து தடத்தை அழித்துவிடும் என்று நினைத்து நான் இரண்டு மணி நேரத்திலேயே நாயோடு உள்ளே போனேன். மான் எழுந்து ஓடிவிட்டது. ஒன்பது நாள் கழித்து, காக்கைகள் சுற்றுவதைப் பார்த்துத் தம்பிதான் அதைக் கண்டுபிடித்தான். அன்று அவன் என்னிடம், "அது சாகறதுக்குன்னு படுத்திருந்துச்சு, மரிட். நிம்மதியா சாகக்கூட நீ விடல" என்று சொன்னான். அதன் பிறகு கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று, இனிமேல் யார் அம்பு விட்டாலும் கணக்குப்படி காத்திருப்பது என்று தம்பி, கர்ட்டிஸ், நான் மூன்று பேரும் சேர்ந்து பேசிக்கொண்டோம்.

சம்பவ நாளன்று என் தகப்பனார் வெளியூர் போயிருந்தார். தம்பி அவருடைய வீட்டிலிருந்து நடந்தே போய், தேவதாருச் சதுப்பின் ஓரமாக மரத்தில் கட்டியிருக்கும் பரணில் வில்லோடு உட்கார்ந்திருந்தான். கர்ட்டிஸ் சாலைப் பக்கத்துப் பரணில் இருந்தார். காலை 8.40க்குத் தம்பியிடமிருந்து கர்ட்டிஸுக்குச் செய்தி வந்தது. "அடிச்சேன். பின்னாடி பட்டுடுச்சு. இறங்கறேன். புரொபசரைக் கூப்பிடு." அந்தச் சதுப்பில் பரண் உயரத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கும். தரையில் கிடைக்காது.

கர்ட்டிஸ் எனக்குத் தகவல் சொல்லிவிட்டு 9.20க்குத் தம்பியின் பரணுக்குப் போனார். மான் நின்ற இடத்தில், அதைத் துளைத்து வெளியே வந்திருந்த தம்பியின் அம்பு அடையாளத்துக்காக மண்ணில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. தம்பி அங்கே இல்லை. நான் நாயோடு 10.05க்குப் போய்ச் சேர்ந்தேன். அம்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தண்டில் பச்சையாகக் குடல் கழிவு ஒட்டியிருந்தது. "என்ன புரொபசர், வயிறா ஈரலா?" என்று கர்ட்டிஸ் கேட்டார். வயிறு என்று சொன்னேன்.

அதன் பிறகு மான் போன திசையை மட்டும் தெரிந்துகொள்ளலாம் என்று நாற்பது அடி நடந்தோம். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் உறைபனி படிந்த இலைகளின் மேல் கருஞ்சிவப்பாக நிறைய ரத்தம் இருந்தது. வயிற்றில் பட்ட மான் அவ்வளவு ரத்தம் விடாது. ஆகவே ஈரலும் அறுபட்டிருக்கிறது, பிற்பகல் வரை காத்திருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். அந்த இடத்தில் நாய் வாலை ஆட்டியது. மான் தடத்தில் நொக்கி வாலை ஆட்டுவதில்லை, விறைப்பாக நீட்டிக்கொண்டுதான் போகும். இதை நான் பார்த்தேன். பார்த்தும் வாரைச் சுண்டி அதைக் கண்டித்தேன்.

அப்போது கர்ட்டிஸ், "ஆர்விட் எங்க போனான்? ஒரு சத்தம் குடுத்துப் பாக்கவா?" என்று கேட்டார். அவர் கையை வாயருகே குவித்தும் விட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். தம்பி கணக்குப்படி அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பான் என்றும், அம்பு நெஞ்சில் படாமல் பின்னால் பட்ட வெட்கத்தில் தனியாக இருக்க நினைப்பான் என்றும் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

அதன் பிறகு, சுமார் 10.20க்கு, சதுப்புக்குள்ளிருந்து கொம்பு மான் செருமும் சத்தம் மூன்று முறை கேட்டது. தாழ்ந்த சத்தம். மூன்றாவது முறை பாதியில் நின்றது. இது மான்கள் கூடும் பருவம், காடெங்கும் கேட்கிற சத்தம்தான். நான் கர்ட்டிஸிடம் கிசுகிசுப்பாக, "கேட்டுச்சா? இன்னும் உயிரோட இருக்கு. அதனாலதான் சொல்றேன், வா, போயிடலாம். நிம்மதியா சாகட்டும்" என்று சொன்னேன். இந்த வார்த்தைகளைச் சொன்னது நான். கர்ட்டிஸ் அல்ல. அவர் இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்று, "இருந்தாலும்..." என்று தொடங்கினார். நான் தலையசைத்து மறுத்தேன். ரத்தம் இருந்த இடத்தில் ஆரஞ்சு நாடாவைக் கட்டியதும் நான்தான். அதன் பிறகு சுள்ளி ஒடியாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே வந்தோம்.

நான் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். நாய் கதவருகிலேயே நின்றது. அதற்குத் தண்ணீர் வைத்தேன். தம்பிக்கு இரண்டு தரம் போன் செய்தேன், போகவில்லை. மான் கிடைத்த பிறகு அவன் பசியோடு வருவான் என்று ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடி வைத்தேன். மாவு பொங்கும் வரை ஒரு புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தேன்.

பிற்பகல் 2.15க்குக் கர்ட்டிஸும் நானும் நாயோடு திரும்பப் போனோம். நாடாவிலிருந்து அறுபது அடி தூரத்தில், வேரோடு சாய்ந்த ஒரு தேவதாருவின் அடியில் தம்பி சாய்ந்து கிடந்தான். இலை நிறத்தில் வேட்டை உடுப்பு அணிந்திருந்ததால் நாய் போய் அவன் முகத்தை நக்கும் வரை எங்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய அம்புக்கூட்டிலிருந்த வேறொரு அம்பின் முனை அவன் உள் தொடையை அறுத்திருந்தது. மான் போன திசையைப் பார்க்க அந்த விழுந்த மரத்தைத் தாண்டும்போது வழுக்கியிருக்கிறான் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இலைகளின் மேல் இருந்தது அவனுடைய ரத்தம். இடுப்பு வாரைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தான். நன்றாகவே கட்டியிருந்தான். செல்போனில் அவசர எண்ணைப் பதினோரு முறை அழுத்தியிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். கொம்பு மானைச் சத்தம் கொடுத்து வரவழைக்க வேட்டைக்காரர்கள் கழுத்தில் தொங்கவிடும் ஊதுகுழல் அவன் வாயில் இருந்தது. கத்துவதற்கு வேண்டிய மூச்சு அதை ஊதுவதற்குத் தேவையில்லை.

கர்ட்டிஸ் குழலைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணும் பேசாத. நான் சொல்லிக்கறேன்" என்றார். என் தகப்பனாருக்குத் தகவல் சொல்வதைச் சொல்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தம்பியின் உயிர் நண்பகல் அளவில் பிரிந்திருக்கும் என்று மருத்துவர் தெரிவித்தார். மறுநாள் வனக் காவலர் அந்த மானைக் கண்டுபிடித்தார். நாடாவிலிருந்து இருநூறு அடிக்கு அப்பால், நான் நினைத்திருந்த இடத்தில்தான் படுத்தபடி செத்துக் கிடந்தது. ஞாயிறு விடியும்போதுதான் செத்திருக்கும் என்று சொன்னார். மானைப் பொறுத்தவரை, வயிறு என்று நான் முதலில் சொன்ன கணிப்பு தவறவில்லை.

புதன்கிழமை அடக்க ஆராதனைக்குக் கர்ட்டிஸ் வந்தார். என் தகப்பனார் தேவாலய வாசலில் அவரை நிறுத்தி, "என் பையன் பக்கத்துல நின்னுட்டு வாயத் திறக்காமப் போனவன் நீ. இந்தப் படி ஏறாத" என்று சொன்னார். கர்ட்டிஸ் படியைவிட்டு விலகினார். அவர் அம்மா செய்து அனுப்பிய உணவுத் தட்டைக் கையில் ஏந்தியபடி, பாட்டு முடியும் வரை வண்டிகள் நிற்கும் இடத்தில் மழையில் நின்றார். நான் இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தேன். அவரைப் பார்த்தேன். எழுந்து போகவில்லை. என் தகப்பனார் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அன்று தெரியாது. ஆனால் கூப்பிட நினைத்தவர் கர்ட்டிஸ்தான் என்பது எனக்குத் தெரியும். ஆறு நாட்களாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் அந்தச் சதுப்புக்கு வந்து சேர ஐம்பது நிமிடம் ஆகும் என்றும், கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது என்றும் பதிவு செய்யும் அதிகாரி என்னிடம் கூறினார். அவர் கூறியதைக் கேட்டுக்கொண்டேன். இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதியை என் தகப்பனாருக்குக் கொடுக்க வேண்டுகிறேன். நேரில் சொல்ல முயன்றேன், வாய் வரவில்லை.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அதில் ஒரு திருத்தம் கேட்டேன். "கொம்பு மான் செருமும் சத்தம் மூன்று முறை கேட்டது" என்று ஒரு வரி உள்ளது. நான் அப்படித்தான் சொன்னேன், எழுதியவர் மேல் பிழையில்லை. அந்த வரியில் "கொம்பு மான் செருமும் சத்தம்" என்பதை அடித்துவிட்டு "என் தம்பி ஆர்விட் என்னைக் கூப்பிட்ட சத்தம்" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவ்வாறே எழுதி, ஓரத்தில் என் கையெழுத்து வாங்கப்பட்டது. இப்போது இதில் உள்ளது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மரிட் நீமெலா

என் முன்னிலையில்: லொரேன் பெல்டியர், துணை ஷெரிப்