அறுபத்துநான்கு மணி நேரம்

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் எல்லோரும் முதலில் வைரஸைத்தான் திட்டுவார்கள். பத்துக்கு ஏழு தடவை அது ஒரு பாவமும் அறியாது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் ஐயா. திறந்து பார்த்தால் உள்ளே தூசி இருக்கும், அல்லது ஒரு ஒயர் தளர்ந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்குக்கு வயதாகியிருக்கும். நீங்கள் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவரிடம் அவசரமே இல்லையென்று சொல்லுங்கள், நான் எங்கும் ஓடிப்போகிற ஆள் இல்லை.

தையல்காரம்மா அந்தப் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். என் கடை மாடியில், பத்தொன்பது படி. அடுத்த தெருவில்தான் தைக்கிறாள், ஆனால் அதற்குமுன் நான் அவளோடு பேசியதில்லை. மூச்சு வாங்கியது. அப்படியும் என் மேசையைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் பெட்டியைக் கீழே வைத்தாள். "ஆன் பண்ணா டக்கு டக்குன்னு சத்தம் வருதுண்ணா. எம் பொண்ணு இதுக்குள்ளதான் இருக்கா," என்றாள்.

மகள் போய் இரண்டு வருடம். ஆறு வயது, ஒரு வாரக் காய்ச்சல். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. பிள்ளையை விதவிதமாக வீடியோ எடுத்து, போன் நிரம்பியதும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனைத் துடைத்துவிடுவானாம். போட்டோ சுவரில் இருக்கிறது, குரல் இதில் மட்டும்தான் இருக்கிறது என்றாள். வாரத்துக்கு ஒருநாள் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து கேட்பார்களாம். போன வாரம் கேட்க முடியவில்லை.

நான்கு நாள் கழித்து வரச்சொன்னேன். அவள் படியிறங்கியதும் வேலையை ஆரம்பித்தேன். முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. வேறு பவர் சப்ளை கொடுத்துப் பார்த்தேன், அப்படியேதான். பிறகு டிஸ்கின் சொந்தக் கணக்கைப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஒவ்வொரு டிஸ்கும் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியது, உடம்பில் எத்தனை இடம் கெட்டுப்போனது என்று தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். கெட்ட இடங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. ஓடியது 31,206 மணி. அதை ஒரு சின்ன ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி டிஸ்கின் முதுகில் ஒட்டினேன். என் கடைக்கு வருகிற எல்லா டிஸ்குக்கும் அப்படித்தான். மற்ற மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள், ஜாதகம் எழுதுகிறேன் என்று.

சாகிற டிஸ்கைச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். வீடு பற்றி எரியும்போது பிள்ளையைத்தானே முதலில் தூக்குவோம், எதனால் பற்றியது என்று பிறகுதானே பார்ப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். 'வாலு' என்று ஒரு ஃபோல்டர், பிள்ளையை வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர். உள்ளே இருநூற்றுப் பதினேழு வீடியோ. ஒன்றுகூடச் சேதமில்லாமல் என்னிடமிருந்த, உள்ளே தகடு சுற்றாத புதுவகை டிஸ்கில் இறக்கினேன். நல்ல வேலை அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பது வழக்கம். இரண்டு மூன்று பார்த்தால் போதும். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பாதான் போனைப் பிடித்திருக்கிறான், அதனால் பிள்ளை எப்போதும் நேராகப் பார்க்கிறாள். "அப்பா, இங்க பாருங்க" என்று என் மேசைக்கு எதிரே நின்று சொல்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஆறாவது வருடம் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, பிள்ளை இல்லாதவர்கள் எத்தனையோ பேர் ஒழுங்காக இருக்கிறார்கள். தையல்காரம்மா என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். அந்த முறைப்படி நான் குழந்தைக்கு மாமா. எனக்கு அது போதவில்லை.

அன்றே அவளுடைய பழைய டிஸ்கில் எழுதிப் பார்க்கும் சோதனையை ஓடவிட்டேன். நல்ல டிஸ்கையும் அது வெறும் தகடாக்கிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு இடத்திலும் இருப்பதை அழித்துவிட்டு எழுதிப் பார்க்கும். யாரிடம் கொண்டுபோனாலும் அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றும் வரக்கூடாது, அதற்காகத்தான் செய்தேன். இரண்டு நாளுக்கு மேல் ஓடியது. சத்தம் அதிகமாக இருந்ததால் மேலே ஒரு தலையணையை வைத்தேன்.

அவள் வந்தபோது நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னேன். "நீங்க எறங்கிப் போயி அரை மணிகூட ஆகலம்மா. அப்படியே நின்னுபோச்சு."

அவள் அழவில்லை. பெட்டியைத் திரும்பவும் போர்வையில் சுற்றினாள். பிறகு, "ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடுறது மட்டும், அந்தத் துண்டு மட்டும் வராதாண்ணா?" என்று கேட்டாள். வராதென்றேன். பாதி கிடைத்தால் மனசு மீதியைத் தேடிக்கொண்டே இருக்கும், ஒன்றுமே இல்லையென்றால் ஆறிவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பணம் எதுவும் வாங்கவில்லை. என்னை நல்ல மனுஷன் என்று அச்சகத்தில் சொன்னானாம் அவள் புருஷன்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம், அவள் படியேறி வந்தது எனக்குக் கேட்கவில்லை. பணம் வாங்காததற்காக என் மானிட்டருக்கு ஒரு உறை தைத்து எடுத்து வந்திருக்கிறாள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவள் காதில், "பல்லு ஆடுது, தொட்டுப் பாருங்களேன்," என்று விழுந்திருக்கிறது. கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். நான் திரையை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"அது எம் பொண்ணு."

"வேற பிள்ளம்மா. யாரோ கஸ்டமர் வீட்டுப் பிள்ள. எல்லாப் பிள்ளைக்கும்தானே பல்லு ஆடுது."

"எம் பிள்ள கொரலு எனக்குத் தெரியாதாண்ணா?"

தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆனால் அதை ஒத்துக்கொண்டால் பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லையென்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனைப் படிக்கட்டுப் பக்கம் தனியாக அழைத்துப்போய்த் தோளில் கைவைத்துப் பேசினேன். "துக்கம் காதுல வந்து உக்காந்துக்கும் தம்பி. இல்லாத கொரலெல்லாம் கேக்கும். முத்தவிடாம ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். டாக்டர் விலாசமும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்துதான் இப்போது உங்கள் ஃபைலில் இருக்கிறது.

அவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறாள், எந்தக் கதவு, எந்த நேரம், பல் ஆடியது வரை. எவ்வளவு தெளிவாகச் சொன்னாளோ அவ்வளவு மாத்திரை எழுதினார்கள். பிறகு வார்டில் சேர்த்தார்கள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், பழம் வாங்கிக்கொண்டு. முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் தடவை எழுந்து உட்கார்ந்தாள். கை நடுங்கியது, ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது என்று நர்ஸ் சொன்னாள்.

"எங் காதுதான் கெட்டுப்போச்சுண்ணா. உங்கள வேற சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்லம்மா," என்றேன். உண்மையிலேயே எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். மருத்துவச் செலவுக்காக அவள் புருஷன் பெட்டியைப் பழைய சாமான் வாங்குகிற மெக்கானிக் ஒருவனுக்கு விற்றிருக்கிறான். ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் கதையையும், டிஸ்க் அரை மணியில் நின்ற கதையையும் அங்கேயே நின்று சொல்லியிருக்கிறான். அந்த மெக்கானிக் டிஸ்கை மாட்டிப் பார்த்திருக்கிறான். அது தட்டுத்தடுமாறிக் கணக்கை மட்டும் சொல்லியிருக்கிறது. முதுகில் என் கையெழுத்தில் 31,206. உள்ளே 31,270. அரை மணியில் செத்த டிஸ்க் அறுபத்துநான்கு மணி நேரம் எப்படி ஓடும் என்று புருஷனைக் கேட்டு, இருவருமாக உங்களிடம் வந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஸ்டிக்கரைக் கிழித்திருக்கலாம். பழக்கதோஷம், கை போகவில்லை.

நீங்கள் கீழே கதவை உடைத்தபோது அவள் புருஷனும் கூட இருந்தான். "எங்க வாலுவக் குடுத்துரு, ஒன்ன ஒன்னும் பண்ணமாட்டேன்," என்று கத்தினான். அது எனக்கு நன்றாகவே கேட்டது. மேலே இருந்த கம்பிக் கதவையும் பூட்டினேன்.

கடைசி வீடியோ பதினோரு நொடி. காய்ச்சல் வந்த வாரம் எடுத்தது. போர்வைக்கு வெளியே முகம் மட்டும் தெரியும். கண்ணைப் பாதி திறந்து நேராகப் பார்த்து, "போதும்ப்பா, ஆஃப் பண்ணுங்க," என்பாள். நீங்கள் படியேறும்போது அதை ஒருமுறை ஓடவிட்டேன். பிறகு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். என்னுடைய புதுவகை டிஸ்கில் அதற்குச் சில நொடிதான் ஆகும், உங்கள் நிபுணர்கள் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் ஒன்றும் வராது. அதை அவளிடம் யார் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியவில்லை. அவள் காதில் ஒரு கோளாறும் இல்லையென்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். தடயத்தை அழித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள் ஐயா. என் பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டு நான் இல்லையென்று சொன்னதே கிடையாது.