ஆறாவது வரன்

பொண்ணைக் கூப்பிடுங்க, பொண்ணைக் கூப்பிடுங்கன்னா எப்படி தம்பி? மதுரையிலேர்ந்து சிவகாசிக்குக் கார் எடுத்து வந்திருக்கீக, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசக் கூடாதா? இனிமே எங்கன ஓடிப் போயிரப் போறா!

ஆமா, அந்தக் கல்யாண வெப்சைட்ல என் மக ஓவியா பேரைப் பதிஞ்சது நான்தான். அவளா உங்களுக்குப் பதில் போட்டான்னு நினைச்சீக? நல்லாருக்கு போங்க. காலையில குளிச்சு, பதிகம் பாடி, நெத்தி நிறைய நீறு பூசிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற பிரௌசிங் சென்டர்ல போயி உக்காருவேன். அதுல அவனவன் எழுதியிருக்கிறதைப் படிச்சா, கல்லுல செஞ்ச நந்தி கூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்.

முதல்ல ஒருத்தன் போட்டோ அனுப்பினான். ராசா கணக்கா முகம். எங்கனயோ பாத்திருக்கோமேன்னு ரோசிச்சா, எங்க பிரஸ்ல அச்சடிச்ச காலண்டர்ல பைக்கு மேல சாஞ்சு நிக்கிறவன்! இருபத்தஞ்சு வருசமா புரூஃப் பாக்கிறவன்கிட்டயே வேலையக் காட்டுறான். நான் ஒண்ணும் காட்டிக்கிடலை. நேர்ல வாங்கன்னேன். வந்தான், முன்மண்டை பூராவும் வழுக்கை. அவன் உக்காந்த சேருக்கு நேர் மேல அந்தக் காலண்டரை மாட்டி வச்சிருந்தேன். நிமிந்து பாத்தான் பாருங்க, காப்பித் தம்ளரைக் கையில பிடிச்சபடியே தெருவுல இறங்கிட்டான். தம்ளர் போனது போனதுதான்.

அடுத்தவன் ஆத்தாளோட வந்தான். அந்தம்மா, பொண்ணு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவளாமே, மருந்துக் கறை ஏறுன நகம் வெளுக்காதாமே, கையைக் காட்டச் சொல்லுங்கன்னுச்சு. முதல்ல உங்க மகன் கையைக் காட்டட்டும்னேன். விரல் இடுக்கு அம்புட்டும் சிகரெட்டுக் கறை. கெட்ட பழக்கம் கிடையாதுன்னு எழுதின கை அது.

இன்னொருத்தன் உயரம் அஞ்சே முக்கால் அடின்னு போட்டிருந்தான். இந்த நிலைப்படியில சாய வச்சுப் பென்சில்ல கோடு போட்டேன். அஞ்சடி ரெண்டு அங்குலம். கண்ணு கலங்கிப் போச்சு அவனுக்கு. கோடு இன்னும் இருக்கு, பாக்கிறீகளா? பயப்படாதீக, உங்களை அளக்க மாட்டேன்.

சிரிக்க மாட்டேங்கிறீகளே. சரி, திரும்பத் திரும்ப அதையே கேக்கிறீக, சொல்லிர்றேன். வாசல் வழியா எதுத்தாப்ல பாருங்க. பச்சை நைட்டி போட்டு, படியில உக்காந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுறாளே, அவதான் ஓவியா. கல்யாணமாகி ஒரு வருசமாச்சு. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற பாண்டிராஜோட போயிட்டா. என்னைக்காவது ஒருநாள் அப்பா கூப்பிடுவாகன்னு எதுத்த வீட்டுக்கே குடி வந்து உக்காந்திருக்கா. நான் கூப்பிடலை. ஞாயித்துக்கிழமையாப் பாத்து ஒவ்வொரு வரனாக் கூப்பிடுறேன். இப்பேர்ப்பட்டவனை விட்டுட்டமேன்னு அவ ஒரு தடவ அழணும், அதைப் பாத்துட்டுத்தான் நான் கண்ணை மூடணும்.

எந்திரிக்காதீக தம்பி, இருங்க. தப்பு என்னோடதுதான். அஞ்சும் கோமாளிப் பயலுகளாக் கூப்பிட்டுட்டேன், அம்புட்டுப் பேரையும் பாத்து அவ சிரிச்சிட்டா. அதான் உங்களைத் தேடிப் பிடிக்க நாலு மாசமாச்சு. படிப்பு இருக்கு, லட்சணம் இருக்கு, எழுதுனது எதுவும் பொய்யில்லை.

கோவம் அப்பறம் படலாம். வாங்க, என்கூட வாசல்ல வந்து கொஞ்சம் நில்லுங்க. அவ நிமிந்து பாக்கட்டும்.