பெப்பிக்குக்கு ஒரு மூன்று மாடி வீடு

மிலுஷே: இல்ல, பெட்டி என் கையிலயே இருக்கட்டும். முதல்ல அவன் இருக்கப்போற இடத்தப் பார்க்கணும்.

ராதிம்: சிலந்தியத் திருப்பிக் குடுக்க வந்த மாதிரி இல்ல மேடம். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்ட நோட்டம் விட வந்த மாதிரி இருக்கு.

மிலுஷே: பொண்ணு இல்ல, ஆம்பள. எட்டு வாரம் எங்கிட்ட இருந்திருக்கான். எங்க போய் இருக்கப்போறான்னு பார்க்காம யாருக்கும் தர மாட்டேன். அது என் வழக்கம்.

ராதிம்: என்னோட பெப்பிக்க எனக்கேவா?

மிலுஷே: உங்களுக்கேதான். இந்தச் செருப்பு யாருக்கு?

ராதிம்: உங்களுக்குத்தான். வீட்டுக்குள்ள போட்டுக்க. நேத்து வாங்கினேன்.

மிலுஷே: சரியா இருக்கே... என் கால் அளவு எப்படித் தெரியும்?

ராதிம்: எட்டு சனிக்கிழமை உங்க வாசல்ல உங்க ஷூவுக்குப் பக்கத்துல என் ஷூவக் கழட்டி விட்டிருக்கேன். கண்ணு இருக்குல்ல.

மிலுஷே: ம்... அவனோட கண்ணாடித் தொட்டி எங்க?

ராதிம்: ஜன்னலோரம். அந்தத் துணிய எடுங்க.

மிலுஷே: ராதிம் சார், இதுல மூணு மாடி இருக்கு.

ராதிம்: ஏணியும் இருக்கு பாருங்க. ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன், மயிரிழை சாயல.

மிலுஷே: லிஃப்ட் மெக்கானிக்க வீடு கட்டச் சொன்னா இப்படித்தான் கட்டுவார். லிஃப்ட்ட மட்டும் ஏன் விட்டீங்க?

ராதிம்: யோசிச்சேன். பட்டன எப்படி அமுக்குவான்னு விட்டுட்டேன்.

மிலுஷே: விளையாட்டில்ல. இவன் மரத்துல வாழறவன் இல்ல, தரையில வளை தோண்டி இருக்கறவன். கண்ணாடியில ஏறி ஒரு முழம் கீழ விழுந்தா வயிறு பிஞ்சிடும். பிஞ்சா அதோட சரி.

ராதிம்: தெரியும்... தெரியும்தான்.

மிலுஷே: தெரிஞ்சவர் மூணு மாடி கட்ட மாட்டார். இவ்வளவு நாள் எதுல வெச்சிருந்தீங்க இவனை?

ராதிம்: அது... ஒரு டப்பாவுல.

மிலுஷே: என்ன டப்பா?

ராதிம்: காப்பி போடவா? கப்புல தூள் அடியில தங்கறதுக்குள்ள பேசி முடிச்சிடலாம்.

மிலுஷே: போடுங்க. கூடவே அந்தக் கள்ளிச்செடிய வெளிய எடுங்க.

ராதிம்: மெக்சிகோக்காரன், ஊர் ஞாபகம் வரும்னு...

மிலுஷே: உங்க மெத்தையச் சுத்தி முள்ளு நட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா? இது என்ன, தண்ணித் தட்டுல ஸ்பாஞ்சு?

ராதிம்: முங்கிடக் கூடாதேன்னு.

மிலுஷே: அழுக்கு ஊறத்தான் அது. ஆழமில்லாத தட்டு போதும், முங்க மாட்டான். சிவப்பு பல்பும் வேண்டாம், வாட்டி எடுத்துடும். உங்க வீட்டுச் சூடே அவனுக்குப் போதும். எனக்கே வேர்க்குது.

ராதிம்: நீங்க வர்றீங்கன்னு ஹீட்டர ஏத்தி வெச்சேன்.

மிலுஷே: கோட்டக் கழட்டிடறேன் இருங்க.

ராதிம்: அப்ப இன்னிக்கு விட முடியாதுங்கறீங்க. எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பப் பண்ணணும். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தீங்கன்னா...

மிலுஷே: அடுத்த சனிக்கிழமையா...

ராதிம்: இல்ல, உங்களுக்கு வேலை இருந்தா...

மிலுஷே: வேண்டாம் சார். இன்னிக்கே முடிச்சிடலாம். தள்ளிப் போட்டா எனக்குத்தான் கஷ்டம். மாடியெல்லாம் கழட்டுங்க. தென்னைநார்த் தூள் கட்டி எத்தன இருக்கு?

ராதிம்: ஒண்ணு. மாடிக்கு ஒரு பிடின்னு கணக்குப் போட்டேன்.

மிலுஷே: நல்லவேளை, என் பையில ஆறு இருக்கு. வெந்நீர்ல போட்டு உதிருங்க. தொட்டி முக்கால்வாசி ரொம்பணும். மேல ஒரு சாண் விட்டா போதும், ஏறினாலும் விழுந்து சாக மாட்டான்.

ராதிம்: ஆறு கொண்டு வந்திருக்கீங்களே... நான் சரியாப் பண்ணியிருக்க மாட்டேன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா?

மிலுஷே: வந்ததும் திரும்பிப் போற மாதிரி ஆயிடக் கூடாதேன்னு... சும்மா. அமுக்குங்க. விரல்ல இல்ல, உள்ளங்கையில. தோண்டினா இடியாம நிக்கணும்.

ராதிம்: இப்படியா?

மிலுஷே: இப்படி. கைய எடுங்க, நான்... ம். இந்த மரப்பட்டையச் சாய்ச்சு வெச்சா அதுக்கடியில ஒளிஞ்சுக்குவான்.

ராதிம்: இவ்வளவு மெனக்கெடறோம். ரொம்ப நாள் இருப்பான்ல?

மிலுஷே: இருக்க மாட்டான். பெட்டைன்னா இருபத்தஞ்சு வருஷம் கூட இருக்கும். ஆண் கடைசியாத் தோல் உரிச்சான்னா அதுக்கப்புறம் ஒரு வருஷம், கொஞ்சம் கூடுதலா. சரியாச் சாப்பிடக்கூட மாட்டான். பொண்ணத் தேடி நடந்துக்கிட்டே இருப்பான். வேற வேலையே கிடையாது.

ராதிம்: கெடைக்கலன்னா?

மிலுஷே: நடந்துக்கிட்டே செத்துடுவான்.

ராதிம்: பாவம்... எனக்கு அது புரியுது.

மிலுஷே: உங்களுக்கு என்ன புரியுது?

ராதிம்: ஒண்ணுமில்ல. பட்டை இன்னும் கொஞ்சம் உள்ள போகணுமா?

மிலுஷே: எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் புரியல. 'நானா, இதுங்களா, ஒண்ணு சொல்லு'ன்னார் ஒருநாள். யோசிச்சுச் சொல்றேன்னேன். நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பெட்டியக் கட்டிட்டார்.

ராதிம்: வருத்தமா?

மிலுஷே: அவர் போனதுக்கு இல்ல. சாயங்காலம்தான் ஒரு மாதிரி இருக்கும். வீட்ல சிலந்திங்க பன்னெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. இந்த ரெண்டு மாசமா சனிக்கிழமை மட்டும் தேவல.

ராதிம்: உங்க கசகசா பன்னுக்காகவே நான் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடறதில்ல.

மிலுஷே: அப்ப போன வாரம் ஏன் அப்படிக் கேட்டீங்க?

ராதிம்: எப்படி?

மிலுஷே: 'காமிலாவுக்கு இவனைப் பிடிக்கல போல, எப்பத் திருப்பித் தருவீங்க'ன்னு. என் பெட்டைச் சிலந்திக்குன்னு இரவல் குடுத்த ஆணை எட்டு வாரம் வெச்சிருக்கேன், குஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டது நியாயம்தான். ஆனா கேட்டீங்களே.

ராதிம்: சிலந்தி வளர்க்கறவன்னா அப்படிக் கேட்பான்னு நெனைச்சேன்... கேட்காம இருந்தா சந்தேகம் வந்துடுமேன்னு...

மிலுஷே: என்ன சந்தேகம்?

ராதிம்: தட்டுல தண்ணி ஊத்தட்டுமா?

மிலுஷே: ஊத்துங்க. அவ்வளவுதான், வீடு ரெடி. இந்தாங்க பெட்டி. நீங்களே விடுங்க.

ராதிம்: நானா? என் கை ஈரமா இருக்கு.

மிலுஷே: துடைங்க.

ராதிம்: அவன் தூங்கறான் போல. எழுப்புவானேன்.

மிலுஷே: ராதிம் சார்... எங்க வீட்ல எப்பவும் ஃப்ரிட்ஜோரம் இருக்கற நாற்காலியிலதான் உட்காருவீங்க. எட்டு வாரமும். அங்கேர்ந்து எட்டிப் பார்த்துட்டு 'நல்லாத்தான் இருக்கான்'னு சொல்வீங்க. ஒரு தடவை கூடத் தொட்டிகிட்ட வந்ததில்ல.

ராதிம்: ஒரு மடக்கு ப்ளம் சாராயம் போட்டுக்கறேன். எங்க அண்ணன் காய்ச்சினது. உங்களுக்கு?

மிலுஷே: ஊத்துங்க.

ராதிம்: எனக்குப் பயம்.

மிலுஷே: எதுக்கு?

ராதிம்: சிலந்திக்கு. சின்ன வயசுலேர்ந்து. சுவத்துல குட்டியா ஒண்ணு போனாலே அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன். பெப்பிக் என் சிலந்தி இல்ல மேடம். உங்ககிட்ட கொண்டு வந்ததுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ப்ர்னோவுல சிலந்திச் சந்தையில வாங்கினேன். விக்கறவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், ஆம்பளைதானேன்னு. ஆறு நாளும் அவனைக் கம்பெனி வேன்ல வெச்சுட்டு வீட்டுக்குள்ள தூங்கினேன். பேருகூட உங்க வாசல்ல நிக்கும்போது தோணினதுதான்.

மிலுஷே: எதுக்கு இவ்வளவும்?

ராதிம்: உங்க பில்டிங் லிஃப்ட் மார்ச் மாசம் நின்னுச்சே, மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல. ஞாபகம் இருக்கா?

மிலுஷே: ஏன் இல்லாம. காமிலாவ வாங்கிட்டு வந்த அன்னிக்கு. பெட்டியும் கையுமா மாட்டிக்கிட்டேன்.

ராதிம்: லிஃப்ட் கூண்டுக்கு மேல நான்தான் இருந்தேன். உள்ள நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. 'பயப்படாதடி, யாராவது வருவாங்க, வராம இருக்க மாட்டாங்க'ன்னு. கொழந்தைகிட்ட பேசறீங்கன்னு நெனைச்சேன். பன்னெண்டே நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். இருபத்தெட்டு வருஷ வேலையில, இவ்வளவு சீக்கிரம் முடிச்சிட்டோமேன்னு அன்னிக்குத்தான் வருத்தமா இருந்துது.

மிலுஷே: கதவு திறந்தப்ப உங்களைப் பார்த்த ஞாபகமே இல்ல.

ராதிம்: நான் மேலயேதான் இருந்தேன். இறங்கி வந்து என்ன பேசறதுன்னு தெரியல. அப்புறம் ஆகஸ்ட்ல எண்ணெய் போட வந்தேன். கீழ நோட்டீஸ் பலகையில உங்க சீட்டு. 'டரான்டுலா, ஆண், வயசுக்கு வந்தது, இரவல் வேணும், குஞ்சுல பாதி உங்களுக்கு.' ஃப்ளாட் நம்பரும் இருந்துது, மார்ச்சுல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கன்னு என் ரிப்பேர் சீட்டுல இருந்த அதே நம்பர். சரி, பேச ஒரு விஷயம் கெடைச்சுதுன்னு...

மிலுஷே: பேச ஒரு விஷயத்துக்காகச் சிலந்தி வாங்கினீங்களா?

ராதிம்: வேற எதையாவது கேட்டிருந்தீங்கன்னா அதை வாங்கியிருப்பேன். இப்ப இவனைக் குடுத்துட்டு நீங்க போயிட்டா, அடுத்த சனிக்கிழமை எனக்கு ஒண்ணுமே இல்ல மேடம். அதான் மூணு மாடி கட்டினேனோ என்னவோ. தப்பா இருந்தா நீங்க திரும்ப வருவீங்கள்ல.

மிலுஷே: பெட்டியத் திற.

ராதிம்: பயம்னு இப்பதானே சொன்னேன்...

மிலுஷே: பயப்பட அதுல ஒண்ணும் இல்ல. மூடிய எடுத்துப் பாரு.

ராதிம்: சரி... எடுத்துட்டேன்... அசையவே இல்லியே. செத்துட்டானா? வர்ற வழியில குளிர் தாக்கிடுச்சா?

மிலுஷே: அது அவன் இல்ல. என்கிட்ட இருக்கற கிழவி ஒருத்தி போன வருஷம் உரிச்ச தோல். எட்டு வாரமா நீ ஃப்ரிட்ஜோரத்துலேர்ந்து பார்த்தது இதைத்தான். பெப்பிக்க முதல் சனிக்கிழமையே காமிலா தின்னுட்டா, ராதிம். சேர்ந்து முடிஞ்ச கையோட பிடிச்சிட்டா. நான் குச்சியும் கையுமா பக்கத்துலயே இருந்தேன், தடுக்க முடியல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஜன்னலண்ட போய் நின்னேன். நீ கிளம்பி அரை மணி நேரம் ஆயிருந்துது, ஆனா எதிர்ல ட்ராம் நிறுத்தத்துல நின்னுக்கிட்டு என் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்த. ட்ராம் வந்துது, நீ ஏறல. அடுத்ததும் வந்துது, அதுலயும் ஏறல. அதுக்கப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன். 'ரெண்டும் இன்னும் பழகல, அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்க'ன்னு சொன்னேன்.